காது தெரிய ஒரு படம்

“திரு. எஸ். லிங்கப்பன், வயது நாற்பத்தேழு, முதுநிலை டிஜிட்டல் படப்பிடிப்பு நிபுணர், கால்நடை அடையாளப் பிரிவு, மைசூர். சுறுசுறுப்பானவர், விரைந்து முடிவெடுப்பவர், நவீனக் கருவிகளைக் கையாள்வதில் தேர்ந்தவர், சொந்த வாகனம் உடையவர். இவருக்கு வேண்டிய ஒத்துழைப்பை அனைவரும் நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கணபதிராமன் தம் லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்திருக்கும் கடிதத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும். அந்தக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கொள்ளேகால் போகிற முதல் பஸ்ஸின் கடைசி சீட்டில், வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்குகிறவர்தான் லிங்கப்பன். மேற்படி பிரிவில் அவர் ஒருவரே. முதுநிலையும் அவர், இளநிலையும் அவர். சொந்த வாகனம் என்பது செயின் அறுந்த மொபெட். மைசூர் இட்டிகேகூட்டில் வீட்டு வாசலில் சாய்ந்து நிற்கும் அதன் சீட்டில் அவர் மனைவி சுந்தராம்பாள் தலையணை காயவைக்கிறாள். விரைந்து முடிவெடுப்பதைப் பொறுத்தவரை, டீயா காபியா என்று கேட்டால் பஸ் கிளம்பும்வரை யோசித்து, கடைசியில் இரண்டும் குடிக்காமல் ஓடி வந்து ஏறுவார். டிஜிட்டல் கேமராவைத் திருப்பி வாங்கிக்கொண்டு சில மாதங்கள் ஆகின்றன. கடிதத்தைத் திருப்பிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அவர் படமெடுப்பது மாடுகளை. கடனில் வாங்கிய மாட்டுக்குக் காப்பீடு உண்டு. காப்பீடு செய்த மாட்டுக்குக் காதில் மஞ்சள் பில்லை உண்டு. பில்லையில் நம்பர் உண்டு. உயிரோடு இருக்கும்போது பில்லை தெரிய ஒரு படம், செத்தால் பில்லை தெரிய இன்னொரு படம். இரண்டும் கோப்பில் இருந்தால் பறிபோன மாட்டுக்குப் பதில் வேறு மாடு வாங்க வழி பிறக்கும். ஒன்று குறைந்தால், மாடு சாகவே இல்லை என்றோ, மாடே இருக்கவில்லை என்றோ எடுத்துக்கொள்ளப்படும். ஹனூர், ராமாபுரம், மார்டள்ளி என்று தமிழ் பேசும் எல்லைக் கிராமங்கள் எல்லாம் லிங்கப்பன் பொறுப்பு. அவரே அந்தப் பக்கத்துக்காரர். அவருடைய பேச்சு இன்னும் அங்கேதான் இருக்கிறது. நடுவில் ஏறிக்கொண்டது மைசூர்க் கன்னடத்தின் “ஆய்த்து” ஒன்றுதான். எதற்கும் “ஆய்த்துங்க” என்பார். முடிந்தது, சரி, போகட்டும், எனக்கு அலுப்பாக இருக்கிறது எல்லாம் அதற்குள் அடக்கம்.

இருபது வருஷம் காதையே பார்த்துப் பழகியதில் மனிதர்களையும் முதலில் காதைத்தான் பார்க்கிறார். அறிமுகம் செய்துவைத்தால் பார்வை முகத்தின் ஓரமாகப் போய் நிற்கும். பேசுகிறவர் தம் காதில் எறும்போ பூச்சியோ என்று தடவிப் பார்த்துக்கொள்வார். “அவரு யாருன்னு தெரியலீங்க, ஆனா எடது காது பாத்த காது” என்று ஒருமுறை ஒரு தாசில்தாரைப் பற்றிச் சொன்னார். தவறில்லை. தாசில்தார் மூன்று மாதம் முன்பு அதே பஸ்ஸில் அவருக்கு முன் சீட்டில் உட்கார்ந்து வந்தவர்.

டிஜிட்டல் கேமரா வந்தது தொண்ணூற்றேழு தசரா சமயத்தில். கணபதிராமனின் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தார். டிபன்பாக்ஸ் பருமனில் இருந்தது. பக்கவாட்டில் கம்ப்யூட்டர் ஃப்ளாப்பி போட வேண்டும். எடுத்த படம் அங்கேயே, முதுகில் இருக்கும் சின்னத் திரையில் தெரியும். பழைய கருவியில் ஊறியவர் புதியதை முறைப்பார் என்றுதானே எதிர்பார்ப்போம்? லிங்கப்பன் முதல் நாளே அதன் பக்தராகிவிட்டார். பதினெட்டு வயதில் ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில் புகுந்து மருந்துத் தண்ணீரில் கை வெந்தவருக்கு ஃபிலிம்மேல் ஒரு பாசமும் இருந்ததில்லை. “கர்ப்பமா இருக்கறவளாட்டம் ஒரு வாரம் வயித்துல வெச்சுட்டுத் திரியோணும். உள்ள என்ன இருக்குதுன்னு அந்தச் சாமிக்குத்தான் தெரியும்” என்பார்.

டிஜிட்டலில் அந்தத் தொல்லை இல்லை. மாட்டை எடுத்தார், மாட்டுக்காரியிடம் திரையைக் காட்டினார். அவள் சிரித்தாள், ஊர் கூடியது, யாரோ மோர் கொடுத்தார்கள். ராமாபுரம் வழியில் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிப் பார்க்கும் போலீஸ்காரர்கள் கூட, தங்கள் முகத்தைத் திரையில் பார்த்துவிட்டு மீசையை ஒதுக்கிக்கொண்டு வழிவிட்டார்கள். ஒவ்வொரு மாடு முடிந்ததும் கட்டைவிரலால் தள்ளி ஃப்ளாப்பியை எடுப்பார்; சட்டைப்பையில் போடுவார்; “ஆய்த்துங்க” என்று கிளம்புவார். இரண்டு வருஷம் அவர் களைப்பில்லாமல் இருந்தார் என்று சொல்ல முடியாது; களைப்பு முகத்துக்கு ஏறாமல் இருந்தது.

கேடு மழையால் வந்தது. பிரிண்டரில் அச்சடித்த மாட்டுப் படங்கள் ஓர் ஒழுகும் ஆபீசில் நனைந்தன. கறுப்பு வெள்ளை மாடுகளின் கறுப்பெல்லாம் கரைந்து ஓடி, ஒரு கட்டுக் கோப்பே சாம்பல் மாடுகளாகிவிட்டது. மேலிடத்துச் சட்டப் பிரிவு விழித்துக்கொண்டது. கம்ப்யூட்டரில் யார் வேண்டுமானாலும் மாட்டைச் செய்யலாமே என்று அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. நெகட்டிவ் இல்லாத படம் இனிமேல் செல்லாது என்று கடிதம் வந்தது. லிங்கப்பன் பரண்மேல் கிடந்த பழைய ஃபிலிம் கேமராவை இறக்கினார். லென்ஸில் சிலந்தி குடியிருந்தது. அதை ஊதி வெளியேற்றினார். கேமராவின் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அங்கே திரை இல்லை. வெறும் கறுப்புத் தோல்.

“திருப்பிக் கல்லு எடுத்து மாவரைக்கச் சொல்லிட்டானுக” என்றார் மனைவியிடம்.

“அரைங்க. மாட்ட எடுத்ததுல நூத்துல ஒண்ணு எங்களை எடுத்திருந்தா செவுத்துல மாட்டவாவது ஆவும்” என்றாள் சுந்தராம்பாள்.

“உனக்குக் காதுல பில்லை இல்லியே.”

“தோடே இல்ல. பில்லைக்கு எங்க போறது?”

அந்த வீட்டில் கடைசி வார்த்தை யாருடையது என்பதில் சந்தேகம் இருந்ததில்லை.

இப்போது அந்தக் கேமராவைப் பார்த்தால் விசித்திரமாக இருக்கும். பின்கதவின்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார், விபத்தில் சிக்கிப் பிழைத்த கேமராபோல. பார்க்கிறவர்கள் தாழ்ப்பாள் உடைந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். தாழ்ப்பாள் நன்றாகத்தான் இருக்கிறது. பிளாஸ்திரிக்குக் காரணம் மார்டள்ளி.

போன கார்த்திகையில், மார்டள்ளியில் வள்ளியாத்தாள் என்பவளின் மாடு வயிறு உப்பிச் செத்துப்போனது. ஒற்றை ஆள், ஒற்றை மாடு. காலையும் மாலையும் சொசைட்டிக்கு அவள் ஊற்றிய பால்தான் வீடு. மாட்டின் பெயர் ஜெர்சி. அது ஜெர்சி இனமே இல்லை. கறுப்பு வெள்ளைச் சீமைக் கலப்பு. வாங்கிய அன்று தரகர் சொன்ன சொல்லில் அவளுக்குப் பிடித்தது அது ஒன்றுதான். செய்தி வந்து, லிங்கப்பன் முதல் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தார். டாக்டர் சான்று எழுதிவிட்டுப் போயிருந்தார். மாடு வேப்பமரத்தடியில் படுத்திருந்தது, நெற்றியில் குங்குமம். வள்ளியாத்தாள் ஒரு துணியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்று கோணத்தில் மூன்று படம். வழக்கம்போல் முடிந்ததும் கேமராவை இறக்கி அதன் முதுகைப் பார்த்தார். வள்ளியாத்தாளும் எட்டிப் பார்த்தாள்.

“காட்டுங்க சாமி.”

“இதுல தெரியாதுங்க.”

“போன தடவ ஜெர்சியும் நானும் நின்னது பொட்டியிலயே தெரிஞ்சுதுங்களே?”

“அது வேற பொட்டிங்க. இதுல உள்ளதான் இருக்கும். கழுவுனாத்தான் வரும்.”

“வருமுங்களா?”

“வருமுங்க.”

“நெசமாலுமே?”

“வரும்னு சொல்றேனில்லீங்க” என்றார் லிங்கப்பன், சற்று எரிச்சலோடு. இரண்டு வருஷமாக அவர் யாருக்கும் எதையும் வரும் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. வந்ததைக் காட்டினால் போதுமாக இருந்தது.

அவளுடைய கொழுந்தன் நஞ்சுண்டசாமி காதோடு சேர்த்துப் பில்லையை அறுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். மாட்டைக் கயிறு கட்டி இழுத்துக் குழியில் இறக்கி, மண் தள்ளி, மஞ்சள் நீர் தெளித்தார்கள். லிங்கப்பன் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, பஸ் நிற்கும் மரத்தடிக்கு ஒன்றரை மைல் நடந்தார்.

அங்கேதான் நடந்தது. உச்சி வெயில். பஸ் வரக் காணோம். வேலை முடிந்துவிட்டது என்று உடம்பு அறிந்துகொண்டது. உடம்பு அறிந்ததைக் கட்டைவிரலும் அறிந்தது. அது தானாகப் போய்க் கேமராவின் பின்கதவைத் தள்ளித் திறந்தது. சட்டைப்பையில் போட இரண்டு விரல் உள்ளே போனது. ஃப்ளாப்பிக்குப் பதில் வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தார். பழுப்புச் சுருள் சூரியனைப் பார்த்து மின்னிக்கொண்டிருந்தது.

மூடினார். மூடி என்ன செய்ய? கழுவிப் பார்க்கும்வரை நம்பிக்கை வைக்கிற ஆளாக இருந்தால் நிம்மதியாக பஸ் ஏறியிருப்பார். லிங்கப்பனுக்குத் தொழில் தெரியும், அதுதான் சங்கடம். சுருளில் முதலில் எடுத்தது உள்ளே போய்ப் பதுங்கும். கடைசியில் எடுத்தது வெளிச்சுற்றில் நிற்கும். முந்தின நாள் ராமாபுரத்தில் எடுத்த மூன்று உயிருள்ள மாடுகள் தப்பித்திருக்கலாம். செத்த மாடு போய்விட்டது.

எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்தில் புகுந்து கணபதிராமனைக் கூப்பிட்டார்.

“சார், ரோல்ல வெளிச்சம் பட்டுருச்சுங்க.”

“எப்படிய்யா படும்? பஸ்ல யாராவது குடைஞ்சானா?”

“நானேதான் தொறந்தேன்.”

“ஏன்?”

“ஃப்ளாப்பி எடுக்கறதுக்கு.”

பூத்தில் மீட்டர் மட்டும் ஓடியது.

“லிங்கப்பா, ஃபிலிம் கேமராவுல ஃப்ளாப்பி ஏதுப்பா?”

“அதாங்க சார்.”

கணபதிராமன் ரயில்வே குமாஸ்தா வீட்டில் பிறந்து மைசூரிலேயே வளர்ந்தவர். வீட்டுத் தமிழும் வீதிக் கன்னடமும் அவர் வாயில் ஒரே இலையில் பரிமாறப்படும். பதற்றம் என்பது அவருக்குக் கிடையாது. “மாராயா, பயப்படாதே. காது பில்லை உங்கிட்டதானே இருக்கு? சும்னே கிளம்பி வா. நம்ம தெருவுல கறுப்பு வெள்ளை ஒண்ணு நாள் பூரா நடு ரோட்டுல படுத்துண்டிருக்கு. ஸ்கூட்டர்காரனெல்லாம் சுத்திண்டு போறான். பில்லையை நூல் போட்டுக் கட்டு. ஒரு படம் எடு. முடிஞ்சுது.”

“அது அசை போடுமே சார்.”

“படத்துல அசையறது தெரியுமோ?”

“கண்ணு தொறந்திருக்கும்.”

“செத்த மாட்டுக்கு மட்டும் என்ன, மூடியா இருக்கு? எனக்கே பாடம் எடுக்காதே. அந்தப் பொம்மனாட்டிக்கு மாடு வேணுமா வேண்டாமா?”

“வேணும்.”

“பின்னே வா.”

இந்த இடத்தில் லிங்கப்பனை நேர்மையின் சிகரம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒட்டிய வயிற்று மாட்டுக்குப் பருத்திக்கொட்டைத் தண்ணீர் காட்டி, வயிறு நிறைந்த அந்தப் பத்து நிமிஷத்துக்குள் படமெடுக்கிறவர் அவர். கிழட்டு மாட்டை மேட்டிலும் உரிமையாளரைப் பள்ளத்திலும் நிறுத்தி, மாட்டுக்கு அரையடி உயரம் கூட்டியவர். கணபதிராமன் சொன்னதில் அவருக்குக் குற்றம் ஒன்றும் தெரியவில்லை. காரியம் ஆகும், மாடு வரும், யாருக்கும் நஷ்டமில்லை. பஸ்ஸும் வந்துவிட்டது. ஒரு கால் படியில், ஒரு கால் தரையில்.

“ஹத்ரீ, ஹத்ரீ!” ஏறச் சொல்லி அதட்டினார் கண்டக்டர்.

மைசூர்த் தெருவில் படுத்திருக்கும் மாட்டை லிங்கப்பன் மனசுக்குள் பார்த்தார். காது ஆடியது. பிறகு, ஈ ஓட்டுகிற துணியோடு எட்டிப் பார்த்த தலை தெரிந்தது. அந்தப் படம் வந்தால், வந்தது ஜெர்சி இல்லை என்று அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். அவளுக்கு யார் படத்தைக் காட்டப் போகிறார்கள்? ஒருவரும் காட்டப் போவதில்லை. அதுதான் ஏனோ அவருக்கு இடித்தது. படியிலிருந்த காலை எடுத்தார். கண்டக்டர் கன்னடத்தில் ஏதோ சொல்லி விசிலடித்தார். பஸ் போனது, அடுத்தது மாலையில்.

ஒன்றரை மைல் திரும்பி நடந்தார். வழியில் இருமுறை உட்கார்ந்தார். இரண்டாம் முறை எழுந்திருக்க வேண்டாம் என்றுதான் இருந்தது.

வள்ளியாத்தாள் கொட்டிலைக் கழுவிவிட்டு, கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். “ஏனுங்க, பில்லைய மறந்துட்டீங்களா?”

“படம் போச்சுங்க.”

அவள் கயிற்றைக் கீழே வைத்தாள். “வரும்னீங்க.”

“சொன்னேனுங்க.”

“அந்தப் பொட்டிக் கேமராவக் கொண்டாந்திருந்தா அப்பவே பாத்திருப்பமல்லங்க?”

“ஆமாங்க.”

“அது நல்ல கேமராங்க.”

“ரொம்ப நல்ல கேமராங்க” என்றார் லிங்கப்பன். அன்று முழுவதும் அவர் மனசாரச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான். “மறுக்கா எடுக்கோணும். மண்ணத் தள்ளித் தலைய மட்டும் பாத்தாப் போதும்.”

நஞ்சுண்டசாமி ஈரத் தலையைத் துவட்டியபடி வந்தான். விஷயம் கேட்டதும் அவனுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “பொதைச்சு மஞ்சத்தண்ணி ஊத்தின மாட்டத் தோண்டறதா? நான் குளிச்சுட்டனுங்க. இனி அதத் தொடமாட்டேன்.”

“நீங்க தொட வேண்டாம். மம்பட்டியக் குடுங்க.”

மாட்டுக் கொட்டிலின் இருட்டு மூலையில் முதலில் புது ரோலை மாட்டினார். கேமராவை வள்ளியாத்தாளின் கழுத்தில் தொங்கவிட்டார். “இத யாரு கேட்டாலும் குடுக்காதீங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க.” பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோண்ட ஆரம்பித்தார். பத்து வெட்டுக்கு ஒருமுறை நின்றார். நின்றபோதெல்லாம் மம்பட்டிக் காம்பின்மேல் தாடையை வைத்துக்கொண்டார். வேலியோரம் குந்தியிருந்த நஞ்சுண்டசாமியால் இதைப் பார்த்துப் பொறுக்க முடியவில்லை.

“கல்யாணத்துல மாலை புடிக்கறாப்பல புடிக்கறாரு பாரு மம்பட்டிய” என்று எழுந்து வந்து பிடுங்கினான். “தோண்டறது வேற, தொடறது வேற. தோண்டித் தாறேன். அதுக்கு மேல கேக்கக் கூடாது.”

அரைமணியில் கறுப்பும் வெள்ளையும் தெரிந்தது. ஆனால் தலை ஒருபக்கமாகச் சரிந்து, காதறுத்த பக்கம் மண்ணுக்குள் புதைந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் ஒரு கொம்பும் ஒரு கன்னமும்தான். அது எந்த மாடாகவும் இருக்கலாம். தலையைத் தூக்கி, அறுத்த காதைப் பில்லையோடு அதன் இடத்தில் சேர்த்து யாராவது பிடித்தால்தான் அது ஜெர்சி. நஞ்சுண்டசாமி மம்பட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றான்.

லிங்கப்பன் குழியைப் பார்த்தார். வள்ளியாத்தாளைப் பார்த்தார். அவள் கழுத்தில் கேமராவோடு அசையாமல் நின்றிருந்தாள். குவியத்தையும் வெளிச்சத்தையும் அவள் கழுத்திலிருந்தபடியே திருகி வைத்தார். அவளை ஒரு கல்லின்மேல் நிறுத்தினார்.

“இந்தக் கல்ல விட்டு எறங்காதீங்க. கண்ணாடிக்குள்ள காது நடுவுல தெரியோணும். மேல இருக்கற பித்தானை அமுக்கோணும்.”

“நானுங்களா?”

“வேற யாரு இருக்கறாங்க?”

இறங்கினார்.

“தெரியுதுங்களா?” என்றார் கீழிருந்து.

“நீங்களும் தெரியறீங்க.”

“நான் கெடக்கறேன். பில்லை தெரியுதா?”

“மஞ்சளாத் தெரியுது. எழுத்துப் படிக்கத் தெரியாதுங்க எனக்கு.”

“படிக்க வேண்டாம். ஆடாமப் புடிங்க.”

“நீங்கதான் ஆடறீங்க” என்றாள் வள்ளியாத்தாள்.

அது உண்மை. பாரம் அப்படி. மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டார். மேலே கிளிக் என்ற சத்தம் கேட்டது.

“வருமுங்களா?” என்றாள் கல்லின்மேல் நின்றபடி.

“தெரியலீங்க” என்றார் லிங்கப்பன்.

மார்டள்ளியிலிருந்து மைசூர்வரை கேமராவைத் துண்டால் சுற்றி, துண்டுக்கு மூன்று முடிச்சுப் போட்டு, முடிச்சின்மேல் உட்காராத குறையாக வந்தார். மறுநாள் காலை கழுவினார்கள். வந்திருந்தது. சற்றுக் கோணல், ஒரு மூலையில் நஞ்சுண்டசாமியின் மம்பட்டி, நம்பர் பளிச்சென்று தெரிந்தது. கணபதிராமன் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, நெகட்டிவோடு கோப்பில் வைத்தார். மேலிடத்தில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. தை பிறந்து ஒரு வாரத்தில் வள்ளியாத்தாளின் கொட்டிலில் வேறொரு மாடு வந்து நின்றது. அதற்கும் ஜெர்சி என்றுதான் பெயராம்.

கோப்பில் இருக்கும் அந்தப் படத்தை எடுத்தவர் வள்ளியாத்தாள். லிங்கப்பன் குழிக்குள் மண்டியிட்டு, செத்த மாட்டின் தலையை மடியில் ஏந்தி, அறுத்த காதைப் பில்லையோடு அதன் இடத்தில் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.